லோயர் ஆர்ம் போல்ட் திரும்பத் திரும்ப லூஸ் ஆகுது: நட்டுல கோளாறா, வேற எங்கயாவதா?

கொருக்குப்பேட்டை கேட் | சனி, இரவு 9.12

வண்டி விவரம்: கார், முன்சக்கர டிரைவ், சஸ்பென்ஷன் முன்னாடி மெக்பெர்சன் ஸ்டிரட், பின்னாடி ட்விஸ்ட் பீம், 82,000 கி.மீ. முன் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோட அடிப்பாகத்துல பிடிச்சு வைக்கிற கீழ்க் கை) ரெண்டும் அஞ்சு மாசத்துக்கு முன்னாடி மாத்தினது. ஒரிஜினல் இல்லை, வெளி ஐட்டம்.

இடது ஆர்மோட முன் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட் (எம்12, அதாவது 12 மி.மீ. தடிமன், படுக்கைவாட்டில் போறது, அடியில அகல விளிம்பு உள்ள தனி ஃபிளாஞ்ச் நட்) இதுவரை மூணு தடவை தளர்ந்திருக்கு. மூணு தடவையும் லிஃப்ட்ல தூக்கி இம்பாக்ட் கன்ல அடிச்சதுதான். கடைசி தடவை ஸ்பிரிங் வாஷரும் நீல மரைப்பசையும் சேர்த்துப் போட்டாச்சு. 900 கி.மீ. ஓடியதும் மறுபடி அதே கதை. ரிவர்ஸ்ல இருந்து முதல் கியர் போட்டு நகரும்போது ஒரே ஒரு "டக்". பிரேக் அழுத்தும்போதும் அதே.

ஓட்டம் எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர் ஹைரோடு, வாரத்துல ரெண்டு நாள் மணலி. கன்டெய்னர் லாரி போட்ட தடத்துலதான் பாதி நேரம். நட்டுக்கு ஒரு பொட்டு வெல்டிங் வச்சிட்டா தீர்ந்ததுங்கறாங்க. வைக்கலாமா?

மணலி டிரெய்லர் | சனி, இரவு 9.40

வெல்டிங் வேணாம் தம்பி. நல்ல கெட்டியான ஸ்பிரிங் வாஷர் ரெண்டு போட்டு, டி பாருக்குக் குழாய் மாட்டி ஒரு முறுக்கு. அந்த ரோட்டுல குலுக்கலுக்கு எந்த நட்டும் நிக்காதுதான், மாசம் ஒரு தடவை இறுக்கிட்டே இருக்கணும்.

பத்தொன்பது ரிங்கு | சனி, இரவு 10.05

மாசம் ஒரு தடவை இறுக்கணும்னா அந்த ஜாயிண்ட்ல ஏதோ தப்பா உட்கார்ந்திருக்கு அண்ணே. அதே ரோட்டுல ஒரிஜினல் ஆர்ம் 80,000 கி.மீ. ஒரு தடவை கூட ஸ்பேனர் படாம ஓடியிருக்கே.

கேட், நட்டை இப்ப தொடாதீங்க. முதல்ல நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

போல்ட் தலை விளிம்புலயும் நட்டு விளிம்புலயும் செங்கல் பொடி மாதிரி சிவந்த தூள் ஒட்டியிருக்கா? இருந்தா, அங்க இரும்பும் இரும்பும் தேய்ஞ்சிட்டிருக்குன்னு அர்த்தம். ஆர்மைக் கழட்டினதும் பிராக்கெட் காதோட (புஷ்ஷை ரெண்டு பக்கமும் பிடிக்கிற தகடு) உள்பக்கம் பாருங்க. புஷ்ஷோட உள்குழாய், அதாவது ஸ்லீவ், அதோட முனை உட்கார்ற இடத்துல வெள்ளி வளையம் மாதிரி பளபளன்னு இருந்தா அதுவும் அதே சேதிதான். மூணாவது, வெர்னியர்ல பிராக்கெட் ரெண்டு காதுக்கு நடுவுல உள்ள இடைவெளியும், புஷ்ஷுக்குள்ள இருக்கிற இரும்பு ஸ்லீவோட நீளமும். நாலாவது, போல்ட் தலையில என்ன எழுதியிருக்கு, மரை இடைவெளி 1.25 மி.மீ.யா 1.5ஆ.

அப்புறம் முக்கியமான கேள்வி: இறுக்கும்போது சக்கரம் அந்தரத்துலதானே தொங்கிட்டிருந்தது?

மரையும் மசகும் | சனி, இரவு 11.20

ரிங்கு எதுக்காக இதையெல்லாம் கேக்கிறார்னு புரியணும்னா, போல்ட் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை பார்த்துடணும்.

போல்ட் ஒரு விறைப்பான ஸ்பிரிங். இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீளுது, திரும்பச் சுருங்கப் பார்க்குது, அந்தச் சுருங்கும் விசைதான் காதையும் ஸ்லீவையும் சேர்த்துப் பிடிக்கிற பிடி. ஆர்ம்ல வர்ற இழுவையும் தள்ளலும் போல்ட் தண்டு மேல விழக்கூடாது. அந்தப் பிடியால உண்டாகிற உராய்வு அதைத் தாங்கிக்கணும். தண்டு துளையில இடிக்குதுன்னாலே பிடி போயாச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. எம்12 போல்ட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) கொடுத்தா, காய்ந்த மரையில சுமார் 42 கிலோ நியூட்டன் பிடி கிடைக்கும், அதாவது நாலு டன்னுக்கு மேல. ஆனா கொடுத்த டார்க்ல ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்த நீட்சிக்குப் போகுது. பாதி தலைக்கு அடியில உராய்வுக்கே தீர்ந்துடும், மீதி மரை உராய்வுக்கு. அதனாலதான் மரையில துரு இருந்தாலோ எண்ணெய் இருந்தாலோ கணக்கு தலைகீழாயிடுது. அதே 100ஐ எண்ணெய் தடவின மரையில கொடுத்தா பிடி 55 கிலோ நியூட்டன் பக்கம் போயிடும். துருப்பிடிச்ச மரையில 30ஐத் தொட்டாலே பெரிசு. ரெண்டுக்கும் ரென்ச் ஒரே மாதிரிதான் "க்ளிக்" சொல்லும்.

இப்ப தளர்வது எப்படின்னு பார்ப்போம். "குலுக்கலுக்குத் தானா கழண்டுக்குது"ன்னு சொல்றது பாதி உண்மை. 1969ல கெர்ஹார்ட் யுங்கர்ங்கற ஜெர்மன் பொறியாளர் இதைச் சோதனை போட்டுக் காட்டினார். போல்ட்டோட நீளவாக்கில எவ்வளவு ஆட்டினாலும் நட்டு பெருசா சுத்தாது. பக்கவாட்டில ரெண்டு தகடும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குச்சுன்னா, ஒவ்வொரு வழுக்கலுக்கும் மரையில உராய்வு ஒரு கணம் இல்லாத மாதிரி ஆயிடும், நட்டு மரைச் சரிவில பின்னால துளி நழுவும். அப்படித் துளித்துளியாதான் கழண்டு போகுது. முதல்ல வர்றது வழுக்கல், கழண்டது அதுக்கப்புறம். ஸ்பிரிங் வாஷரைப் பொறுத்தவரை, நட்டு முழுசா இறுகறதுக்கு ரொம்ப முன்னாடியே அது தட்டையாயிடும். அப்புறம் அது சாதா வாஷர்தான். பக்கவாட்டு வழுக்கலை அதால தடுக்க முடியாதுன்னு அந்தச் சோதனையிலேயே தெரிஞ்சுபோச்சு.

மணலி டிரெய்லர் | ஞாயிறு, காலை 6.55

அப்போ இத்தனை வருஷமா லாரிக்குப் போட்டதெல்லாம் அலங்காரமா?

பெரம்பூர் லோகோ | ஞாயிறு, காலை 7.30

சின்ன வேலைக்கு, மட்கார்டு, பைப் கிளிப் மாதிரி இடத்துக்குப் போட்டுட்டுப் போங்க டிரெய்லர் அண்ணே, யாரும் கேக்கப் போறதில்லை. சஸ்பென்ஷனுக்குத்தான் வேணாம். ரெண்டு ஸ்பிரிங் வாஷரை அடுக்கிப் போட்டா இன்னும் மோசம். அடுக்கில ஒட்டுமுகம் கூடுது, கூடின ஒவ்வொரு முகமும் நாளடைவில கொஞ்சம் அமுங்கும்.

வெல்டிங்கைப் பத்தி: 10.9 போல்ட் (10.9ங்கறது பலத்தைக் காட்டுற தர எண்) சூடாக்கிக் குளிர வச்சு பதம் போட்ட எஃகு. பொட்டு வெல்டிங் வச்ச இடத்துல பதம் போயிடும், பக்கத்துல கண்ணாடி மாதிரி நொறுங்குற ஒரு வளையம் உண்டாகும். நட்டு சுத்தாது, சரி. ஆனா பிடி போன ஜாயிண்ட்ல நட்டு சுத்தாம நின்னா என்ன லாபம்? ஆர்ம் ஆடிட்டேதான் இருக்கும், கடைசியில போல்ட்டே வெட்டுப்பட்டு விழும். தளர்ந்தா சத்தம் போட்டு எச்சரிக்கிற ஜாயிண்ட்டைச் சத்தமில்லாம ஒடியிற ஜாயிண்ட்டா மாத்துறதுதான் அது.

கொருக்குப்பேட்டை கேட் | ஞாயிறு, பகல் 1.15

கழட்டிப் பார்த்தாச்சு.

சிவந்த தூள் இருக்கு, நட்டுப் பக்கம் நிறைய. உள்காதுல பளபள வளையம் இருக்கு, ஒரு பக்கம் மட்டும் அழுத்தமா. காது இடைவெளி 52.4 மி.மீ. புஷ் ஸ்லீவ் நீளம் 51.2. பழைய ஒரிஜினல் ஆர்ம் மூலையில கிடந்தது, அதோட ஸ்லீவ் 52.2. புது ஸ்லீவ் முனையில கறுப்பு பெயிண்ட் கனமா இருக்கு. போல்ட் தலையில 10.9ன்னு இருக்கு, மரை 1.25. காதுத் துளை ஒரு பக்கம் 12.6, நீளவாக்கில 13.1.

ஆமா, சக்கரம் தொங்கிட்டுதான் இருந்தது.

பத்தொன்பது ரிங்கு | ஞாயிறு, பகல் 2.00

திருடன் ஒருத்தன் இல்லை, மூணு பேர்.

முதல் ஆள், குட்டையான ஸ்லீவ். இடைவெளி 52.4, ஸ்லீவ் 51.2. 1.2 மி.மீ. குறைச்சல். நட்டை இறுக்கும்போது முதல்ல அந்தக் காது ரெண்டையும் உள்ளே வளைச்சு ஸ்லீவைத் தொட வைக்கணும். அது 3, 4 மி.மீ. தகடு, லேசில வளையாது. கொடுக்கிற டார்க்ல ஒரு நல்ல பங்கு தகட்டை வளைக்கிறதுலயே தீர்ந்துடும். மிச்சம்தான் ஸ்லீவுக்குப் பிடி. எவ்வளவு மிச்சம்னு ரென்ச்சோ கன்னோ சொல்லாது. அதோட காது சாய்ஞ்சு வளையறதால ஸ்லீவ் முனை முழு வட்டமா உட்காராம ஒரு ஓரத்துல மட்டும் உட்காரும். உங்க பளபள வளையம் ஒரு பக்கம் மட்டும் அழுத்தமா இருக்கிறது அதனாலதான். ஒரிஜினல்ல 0.2 மி.மீ.தான் வித்தியாசம், கையால தள்ளினா உரசிக்கிட்டே உள்ளே போகும். அப்படித்தான் இருக்கணும்.

ரெண்டாவது, பெயிண்ட். மரையும் மசகும் சார் விளக்குவார்.

மூணாவது ஆளுதான் பெரிய ஆள்: தொங்கவிட்டு இறுக்கினது. இந்த புஷ் பேரிங் மாதிரி சுத்தாது. உள்ளே ஸ்லீவ், வெளியே ஓடு, நடுவுல ரெண்டோடயும் ஒட்டின ரப்பர். ஸ்லீவ் பிராக்கெட்டோட பூட்டி நிக்கணும், ஆர்ம் மேல கீழ போகும்போது ரப்பர் முறுக்கிக் கொடுக்கணும். இறுக்கின நிலைதான் ரப்பருக்குப் பூஜ்யம். ஆர்ம் 35 செ.மீ. நீளம், தொங்கும்போது சக்கரம் 9 செ.மீ. கீழே போகுதுன்னு வைங்க, அது 15 டிகிரி. அந்த நிலையில இறுக்கிட்டு வண்டியைக் கீழே இறக்கினா, நிறுத்தி வச்சிருக்கும்போதே ரப்பர் 15 டிகிரி முறுக்கிக்கிட்டு நிக்கும். பள்ளத்துல அதுக்கு மேல இன்னும் 10, 15. அந்த முறுக்கு முழுக்க ஸ்லீவைச் சுத்தப் பார்க்கும். நல்ல பிடி இருந்தா ஸ்லீவ் அசையாது, பதிலுக்கு ரப்பர் ஆறு மாசத்துல கிழியும். பிடி குறைச்சலா இருந்தா ஸ்லீவ் காதுல வழுக்கும். வழுக்கினா என்ன ஆகும்னு மேலே யுங்கர் கதையில படிச்சீங்களே.

மரையும் மசகும் | ஞாயிறு, பகல் 3.10

பெயிண்ட் கணக்கு: உங்க ஜாயிண்ட்ல போல்ட் பிடிக்கிற நீளம் ஏறக்குறைய 60 மி.மீ. (ஸ்லீவ், ரெண்டு காது). 42 கிலோ நியூட்டன்ல அந்தப் போல்ட் நீளுறது மொத்தமே சுமார் 0.13 மி.மீ. நாலு பெயிண்ட் முகமும் சேர்ந்து நாளடைவில 0.05 மி.மீ. நசுங்கிப் பிதுங்கினா, நட்டு ஒரு இழை கூடச் சுத்தாமலேயே பிடியில மூணில் ஒரு பங்கு காணாமப் போயிடும். அதனாலதான் பசை போட்டும் நிக்கலை. பசை நட்டைச் சுத்த விடாது, நசுங்கிற பெயிண்டை அது எப்படித் தடுக்கும்?

குட்டையான போல்ட்டுக்கு இது இன்னும் கொடுமை. 15 மி.மீ. பிடிநீளம்னா மொத்த நீட்சியே 0.03 சொச்சம். அங்க தூசி கனத்துக்கு அமுங்கினாலே பாதிப் பிடி அவுட். மெல்லிசா நீளமா இருக்கிற போல்ட் தளர்வதில்லை, குட்டையா தடியா இருக்கிறதுதான் தளரும்னு பழைய ஆளுங்க சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஸ்லீவ் முனை, காது உள்பக்கம், வெளிப்பக்கம் தலையும் நட்டும் உட்கார்ற வட்டம், எல்லாத்துலயும் இரும்பு தெரியிற வரைக்கும் பெயிண்ட் போகணும். எமரி ஷீட்டோ இரும்பு பிரஷ்ஷோ போதும். கிரைண்டிங் டிஸ்க் வேணாம், பள்ளம் விழுந்தா அது வேற தலைவலி.

கொருக்குப்பேட்டை கேட் | ஞாயிறு, மாலை 5.45

புரியுது. அப்போ 1 மி.மீ. ஷிம் வாஷர் (இடைவெளியை நிரப்புற மெல்லிசு தகடு) ஒண்ணு ஸ்லீவுக்கும் காதுக்கும் நடுவுல போட்டா சரியாகுமா? காதுத் துளை 13.1 ஆனது பிரச்சினையா?

பெரம்பூர் லோகோ | ஞாயிறு, இரவு 7.20

கடினப்படுத்தின, சமமா அறுத்த ஷிம்மா இருந்தா ஓடும். மண்ணடில லிங்கிச் செட்டித் தெரு பக்கம் கேட்டா கிடைக்கும். சாதா ஜி.ஐ. வாஷரைச் செதுக்கிப் போடாதீங்க, அது வெண்ணெய் மாதிரி அமுங்கும்.

பத்தொன்பது ரிங்கு | ஞாயிறு, இரவு 7.50

நான் ஒத்துக்க மாட்டேன் லோகோ. ஷிம் ஒரு பக்கம் போட்டா ஆர்ம் 1 மி.மீ. நகரும், அது பெரிய விஷயமில்லை. ஆனா இன்னும் ஒரு ஒட்டுமுகம் கூடுது, அதுவும் ஸ்லீவ் முனையில இருக்கிற பல் வெட்டு பிராக்கெட்டைக் கவ்வாம ஷிம்மைக் கவ்வும். ஷிம் காதுல வழுக்கும். ஒரிஜினல் புஷ் தனியா கிடைச்சா வாங்கி ஹைட்ராலிக் பிரஸ்ல ஏத்துறதுதான் சரி. சுத்தியலால அடிச்சு ஏத்தினா ஓடு நசுங்கும், புஷ் கோணலா நிக்கும். ஏத்தும்போது பழைய புஷ் எந்தத் திசையில பார்த்திருந்ததோ (சிலதுல அம்புக்குறி, சிலதுல ரப்பர்ல வெட்டு) அதே திசை. ஏத்துற முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

துளை 13.1 பரவாயில்லை. எம்12க்கு 13.5 வரைக்கும் சாதாரணமாவே விடுவாங்க. பிடி சரியானா தண்டு துளையைத் தொடவே தொடாது. 14 தாண்டி முட்டை மாதிரி ஆகியிருந்தா கிராஸ் மெம்பரையே (பிராக்கெட் இருக்கிற குறுக்குச் சட்டம்) பார்க்கணும்.

போல்ட்டும் நட்டும் புதுசு போடுங்க. இந்தப் போல்ட் கன்ல மூணு தடவை அடி வாங்கியிருக்கு, மரை எவ்வளவு இழுபட்டிருக்குன்னு யாருக்குத் தெரியும். தலையில 10.9ம் தயாரிச்சவங்க முத்திரையும் இல்லாததைக் கையில எடுக்காதீங்க. மரை 1.25 கேளுங்க. 1.5ஐயோ 1.75ஐயோ கொடுத்தா மூணு சுத்து ஏறி சிக்கும், கன் இருந்தா அதையும் மீறி ஏறி மரையைத் தின்னுடும். எந்தப் போல்ட்டா இருந்தாலும் முதல் அஞ்சு சுத்து விரலால ஏறணும்.

காசிமேடு காத்து | ஞாயிறு, இரவு 9.30

கடல் பக்கம் ஓடுற வண்டி என்பதால ரெண்டு வார்த்தை.

துரு வராதுன்னு ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்டு வாங்கிப் போடாதீங்க. கடையில கிடைக்கிற ஏ2-70 ரகம் சதுர மி.மீ.க்கு 450 நியூட்டன்ல இழுபட ஆரம்பிச்சிடும். 10.9ல அது 900. சரிபாதி. எம்12ல தேவையான டார்க் கொடுத்தாலே நீண்டு போயிடும். போதாததுக்கு ஸ்டெயின்லெஸ் மரை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிச்சு, கழட்டும்போது ஒடியும்.

12.9 போடுறது இன்னும் வீராப்பு. அத்தனை கெட்டியான எஃகுக்கு உப்புக் காத்துல சொல்லாம கொள்ளாம விரிசல் விடுற குணம் உண்டு. சாம்பல் நிறத்துல மங்கலா இருக்கிற துத்தநாகச் செதில் பூச்சு 10.9 கிடைச்சா அதுதான் நம்ம ஊருக்கு.

கடலோர வண்டியில இன்னொரு தொல்லை, போல்ட் தண்டு ஸ்லீவுக்குள்ள துருவால ஒட்டிக்கிறது. அடுத்த தடவை கழட்ட போல்ட்டையே அறுக்க வேண்டி வரும். அதுக்கு, தண்டுல வழவழன்னு இருக்கிற நடுப்பகுதிக்கு மட்டும் துளி கிரீஸ். மரையிலும் வேணாம், தலைக்கு அடியிலும் வேணாம். காப்பர் கிரீஸை மரைக்குத் தடவிட்டு அதே 100 கொடுத்தா பிடி 70 கிலோ நியூட்டனை நெருங்கும். 10.9 தாங்கிக்கும், அந்த இடத்துல யாராவது 8.8 போட்டிருந்தா அது ஏற்கெனவே இழுபட்டாச்சு.

எல்லாம் இறுக்கி முடிச்ச பிறகு வெளியே தெரியிற மரை முனையில மெழுகு ஸ்பிரேயோ கெட்டி கிரீஸோ பூசி விடுங்க. மழைக்காலத்துல கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணியில இறங்கி ஏறின வண்டின்னா அந்த வாரமே அடியில நல்ல தண்ணி அடிச்சுக் கழுவணும்.

கொருக்குப்பேட்டை கேட் | திங்கள், இரவு 8.10

ஒரிஜினல் புஷ் கிடைச்சது, ஸ்லீவ் 52.2. போல்ட், நட்டு புதுசு. மேனுவல்ல 100 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கு. எங்க பக்கத்துல டார்க் ரென்ச் வச்சிருக்கிற கடை இல்லை, எல்லாரும் கன்தான். சக்கரத்தைக் கீழே வச்சா கை நுழையாது. எப்படி?

பத்தொன்பது ரிங்கு | திங்கள், இரவு 9.00

தூக்குறதுக்கு முன்னாடி, வண்டி சமதரையில நிக்கும்போது, சக்கர நடுவுல இருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் பிடிச்சு அளந்து எழுதிக்குங்க. ரெண்டு பக்கமும். அப்புறம் தூக்கி ஸ்டாண்ட் வச்சு, சக்கரத்தைக் கழட்டி வேலையை முடிங்க. நட்டைக் கையால ஏத்தி, ஆட்டம் போற அளவுக்கு ஸ்பேனர்ல லேசா தொட வச்சு விட்டுடுங்க. இப்ப இன்னொரு ஜாக்கியை பால் ஜாயிண்ட்டுக்கு (ஆர்மோட சக்கரப் பக்க முனையில இருக்கிற குமிழ் மூட்டு) நேர் கீழே ஆர்ம்ல கொடுத்து (நடுவுல மரக்கட்டை வச்சு) மெதுவா ஏத்துங்க. ஹப் நடுவுல இருந்து ஃபெண்டர் வரைக்கும் முதல்ல எழுதின அதே அளவு வந்ததும் நிறுத்துங்க. அந்த நிலையில கடைசி இறுக்கு. வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தா எடை பத்தலைன்னு அர்த்தம், உள்ளே ரெண்டு பேரை உட்கார வைக்காதீங்க, சாய்தளத்துல ஏத்தியோ சர்வீஸ் குழி மேல நிறுத்தியோ செய்யுங்க.

இதே விதி பின்பக்க ட்விஸ்ட் பீம் புஷ்ஷுக்கும் ஷாக்கோட கீழ் கண்ணுக்கும் உண்டு. பால் ஜாயிண்ட்டுக்கும் ஸ்டிரட்-நக்கிள் போல்ட்டுக்கும் (நக்கிள்னா சக்கர ஹப்பைத் தாங்குற பாகம்) கிடையாது, அங்க முறுக்கிற ரப்பர் இல்லை.

போல்ட் தலையை ரிங் ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டு நட்டுப் பக்கம் சுத்துங்க. தலையைச் சுத்தினா தண்டு ஸ்லீவுக்குள்ள உரசுற உராய்வும் கணக்குல சேர்ந்துடும்.

காசிமேடு காத்து | திங்கள், இரவு 9.25

டார்க் ரென்ச் இல்லாட்டி ஒரு வழி. மீன் நிறுக்கிற கொக்கித் தராசு, 50 கிலோ வரைக்கும் காட்டுற டிஜிட்டல் ஒண்ணு. ஸ்பேனர்ல போல்ட் நடுவுல இருந்து 40 செ.மீ. தள்ளி ஒரு கோடு போட்டு அங்க கொக்கியை மாட்டுங்க. ஸ்பேனருக்குச் செங்குத்தா இழுங்க. 25 கிலோ காட்டினா 98 நியூட்டன் மீட்டர். கடையில "பத்து கிலோ டார்க்"ங்கறதும் இதே 98தான். இழுக்கிற கோணம் செங்குத்துல இருந்து 30 டிகிரி சாய்ஞ்சா 13 சதவீதம் குறைஞ்சிடும், அதனால பக்கத்துல ஒருத்தர் நின்னு கோணத்தைப் பார்க்கணும். சடக்குன்னு இழுக்கக்கூடாது, நட்டு நகர்ந்துக்கிட்டே இருக்கும்போது 25 தெரியணும்.

மரையும் மசகும் | திங்கள், இரவு 9.50

தராசு ஐடியா சரியானதுதான். உராய்வால வர்ற வித்தியாசமே கூடக்குறைய 25, 30 சதவீதம் இருக்கு, அதுக்கு முன்னாடி தராசு பிழை ஒண்ணுமில்லை.

ரென்ச் கிடைச்சா ஒரு எச்சரிக்கை. இடமில்லாம நண்டுக்கால் அடாப்டர் (ரென்ச் முனையில மாட்டுற திறந்த வாய் ஸ்பேனர் தலை) நேர்கோட்டுல மாட்டினா நெம்புகோல் நீண்டுடும். ரென்ச் 45 செ.மீ., அடாப்டர் 5 செ.மீ.ன்னா, 100 வேணும்னா 90ல செட் பண்ணணும். அடாப்டரை 90 டிகிரி திருப்பி மாட்டினா மாத்த வேண்டியதில்லை. சாக்கெட்டுக்கு மேல போடுற நேர் எக்ஸ்டென்ஷனுக்கும் எதுவும் மாத்த வேணாம்.

கொருக்குப்பேட்டை கேட் | செவ்வாய், காலை 7.05

நட்டுக்கு நைலாக் (உள்ளே நைலான் வளையம் வச்ச நட்டு) போடலாமா, பசை போடலாமா, ரெண்டுமா?

பெரம்பூர் லோகோ | செவ்வாய், காலை 8.30

கம்பெனி என்ன நட்டு கொடுத்திருக்கோ அதையே புதுசா போடுங்க, முதல் பதில் அதுதான். மீதி உங்க ஆர்வத்துக்கு.

நைலாக் நல்லது. ஆனா ஒரு தடவைதான். கழட்டின நைலாக் விரலாலயே இறங்குச்சுன்னா அது சாதா நட்டு. நைலான் வளையத்தைத் தாண்டி ரெண்டு மரையாவது வெளியே எட்டிப் பார்க்கணும். 120 டிகிரிக்கு மேல நைலான் தளரும், அதனால சைலன்ஸர் குழாய் பக்கத்துலயும் பிரேக் காலிப்பர்லயும் வேணாம். அங்க முழு இரும்புல வாயை நசுக்கின லாக் நட்டு.

பசைன்னா லாக்டைட் 243 மாதிரி நடுத்தர ரகம், நீலம். அது காத்து படாத இடத்துல, இரும்பு தொட்டாத்தான் இறுகும். மரையில கிரீஸ் இருந்தா பிடிக்காது. பிரேக் கிளீனர் அடிச்சு ஆணும் பெண்ணும் ரெண்டு மரையையும் துடைச்சுக் காயவிட்டு, நட்டு வந்து நிக்கிற இடத்துல ரெண்டு சொட்டு. பத்து, பதினஞ்சு நிமிஷத்துல பிடிக்கும், முழுசா இறுக 24 மணி நேரம். உங்களுக்கு மூணாவது தடவை தோத்ததுல துடைக்காம போட்டதும் ஒரு காரணமா இருக்கும். சிவப்பு ரகம் வேணாம். கழட்ட 250 டிகிரிக்கு மேல சூடு காட்டணும், பக்கத்துல இருக்கிற புது ரப்பர் புஷ் என்ன ஆகும்?

நைலாக்கோட பசை சேர்க்கிறதுல பிரயோஜனம் இல்லை.

ஆப்பு வாஷர் ஜோடி (நார்ட்-லாக் வகை) சோதனையில நல்லா நிக்குது. நட்டு பின்னால சுத்தப் பார்த்தா அதோட சரிவு போல்ட்டை மேலும் இழுக்கும். ஆனா ஃபிளாஞ்ச் நட்டுக்கு அகலமான ரகம் வேணும், சரிவு முகம் ரெண்டும் உள்ளே பார்க்கணும், அடியில சாதா வாஷர் போட்டா அந்த வாஷரே சுத்தி எல்லாம் வீண். உங்க ஜாயிண்ட்டுக்கு இது தேவையே இல்லை.

ரெட்டை நட்டு போடுறவங்களுக்கு ஒரு திருத்தம்: மெல்லிசு நட்டுதான் முதல்ல, தடி நட்டு மேலே. முக்கால்வாசிப் பேர் தலைகீழா போடுறாங்க.

மணலி டிரெய்லர் | செவ்வாய், பகல் 12.40

சரி, ஸ்பிரிங் வாஷர் விஷயத்துல தோத்தேன். பட்டை ஸ்பிரிங் வண்டி வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா ஒரு வார்த்தை: யு போல்ட்டுக்கும் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். பட்டைக்கு நடுவுல துருவும் பெயிண்டும் நிறைய, அது நசுங்க நசுங்க பிடி குறையும். யு போல்ட் தளர்ந்தா பாரம் சென்டர் போல்ட்டுக்கு வரும், அது வெட்டுப்பட்டா ஆக்சில் நகர்ந்துடும், வண்டி நண்டு மாதிரி சாய்ஞ்சு ஓடும். சக்கரம் தரையில இருக்கும்போது குறுக்கா மாத்தி மாத்தி மூணு நாலு சுத்துல இறுக்கணும். புதுசு போட்டா 100 கி.மீ.ல ஒரு தடவை, 1,000ல ஒரு தடவை. பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடுறது கஞ்சத்தனம்.

பத்தொன்பது ரிங்கு | செவ்வாய், இரவு 8.45

கேட், முடிச்சதும் நெயில் பாலிஷ் எடுத்துக்குங்க. மஞ்சளோ வெள்ளையோ. போல்ட் முனை, நட்டு, பிராக்கெட், மூணையும் தாண்டி ஒரே கோடு. தலைப் பக்கம் தலையில இருந்து பிராக்கெட்டுக்கு இன்னொரு கோடு. ரெண்டு பக்கமும் வேணும், ஏன்னா சில நேரம் தலையும் நட்டும் ஒண்ணாவே சுத்தும். கோடு உடைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தா போதும், ஸ்பேனரே வேணாம்.

இதோட, ஆர்மைக் கழட்டினப்ப பால் ஜாயிண்ட் பிஞ்ச் போல்ட்டையும் (பால் ஜாயிண்ட் தண்டை நக்கிள்ல கவ்விப் பிடிக்கிறது) எடுத்திருப்பீங்க. பால் ஜாயிண்ட் தண்டுல ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அதுக்குள்ள உரசிப் போகணும். தண்டு முழுசா ஏறாம போல்ட்டை அடிச்சு நுழைச்சிருந்தா மரை வெட்டுப்பட்டிருக்கும். நக்கிள் வாயை உளியால அகட்டியிருந்தா பழையபடி மூடாது. கூம்புத் தண்டு, காசில் நட்டு (மேலே பின் போக வெட்டு உள்ள நட்டு) உள்ள வண்டின்னா ஸ்பிளிட் பின் துளை நேராக நட்டை இன்னும் இறுக்கலாம், பின்னால தளர்த்தி நேராக்கக் கூடாது.

ஸ்டிரட்-நக்கிள் போல்ட்டைத் தொட்டிருந்தா அலைன்மெண்ட் கட்டாயம். ரெண்டு போல்ட்டுக்கும் நடுவுல 60 மி.மீ. இருந்து, துளை ஆட்டத்துல 0.5 மி.மீ. நகர்ந்தாலே கேம்பர் (சக்கரத்தோட உள்வெளிச் சாய்வு) அரை டிகிரி மாறிடும். டயர் ஒரு ஓரத்துல வழிச்சிடும்.

கொருக்குப்பேட்டை கேட் | இரண்டாவது ஞாயிறு, காலை 10.20

விவரம்: ஹப் நடு முதல் ஃபெண்டர் வரை 372 மி.மீ., ஜாக்கியில அதே அளவு வச்சு இறுக்கினது. காது, ஸ்லீவ் முனை எல்லாம் வெள்ளை இரும்பு. கம்பெனி நட்டு, துடைச்சு நீலப் பசை ரெண்டு சொட்டு, தராசுல 25 கிலோ. ஒரு ராத்திரி நிறுத்தி வச்சிருந்தது. 620 கி.மீ. ஆச்சு, எண்ணூர் ரோடுதான் பாதி. கோடு ரெண்டும் உடையலை, சிவப்புத் தூள் இல்லை, "டக்" இல்லை.

இப்ப ஒரு தடவை தராசு போட்டு மறுபடி இறுக்கிப் பார்க்கலாமா?

மரையும் மசகும் | அதே நாள், காலை 10.55

வேணாம். இறுகின பசையைக் கொஞ்சம் அசைச்சாலும் அது உடைஞ்சு பொடியாயிடும், அப்புறம் பசை இல்லாத நட்டுதான். அதுவும் நின்ன நட்டை நகர்த்தவே கூடுதல் டார்க் வேணும், அதனால நகரலைன்னா பிடி சரியா இருக்குன்னு நிரூபணமும் ஆகாது. பசை போடாத ஜாயிண்ட்டை 100 கி.மீ.ல ஒரு தடவை பார்க்கலாம். இதுக்குக் கோடு போதும்.

பத்தொன்பது ரிங்கு | அதே நாள், காலை 11.15

வலது ஆர்மும் அதே ஜோடியில வாங்கினதுதானே? அதோட ஸ்லீவை அளந்தீங்களா?

கொருக்குப்பேட்டை கேட் | அதே நாள், மாலை 4.30

இப்பதான் கழட்டி அளந்தேன். 51.3. நட்டு விளிம்புல சிவப்புத் தூள் லேசா ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு புஷ் சொல்லி வச்சாச்சு.